எத்தனை புள்ளி, எத்தனை வரிசை?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் இயற்பியல் துறை 1979–82 பேட்ச் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, "எச்.டி. டி.வி.யும் டிஸ்க் பிளேயரும்: எதை வாங்கலாம்?" என்பது. டி.வி. பெட்டியின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிகம் பார்த்தவன் நான். நான் படிப்பை முடித்த 1982-இல்தான் இந்தியாவில் கலர் ஒளிபரப்பு தொடங்கியது. ஆகஸ்ட் 15 சுதந்திர தின விழா கலரில் வந்தது, நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டு. டயனோரா, சாலிடேர் என்று சென்னைக் கம்பெனிகளே டி.வி. விற்ற காலம். சர்வீஸுக்கு ஆள் தேவைப்பட்டது, போய்ச் சேர்ந்தேன். அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சார், எந்த டி.வி. வாங்கலாம்?"

இன்று பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தப்பை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் செயலாளர் கூப்பிட்ட உடனே சரி என்றேன்.

போன வருஷம் நடந்தது

போன வருஷம் நம் சங்கம் கருத்தரங்கக் கூடத்துக்கு 75 அங்குல 4கே டி.வி. ஒன்று வாங்கிக் கொடுத்தது. முதல் நாள் அதில் எதைப் போடுவது என்று பேச்சு வந்தபோது எங்கள் காலத்து ஆட்கள் எல்லோருக்கும் ஒரே ஞாபகம். நம் இயற்பியல் சார் 1991-இல் ஓய்வு பெற்ற அன்று கேலரி ஹாலில் எடுத்த கடைசி வகுப்பு. கல்யாண வீடியோ எடுக்கிறவரைக் கூப்பிட்டு, பெரிய லைட்டெல்லாம் போட்டு, வி.எச்.எஸ். கேசட்டில் எடுத்தோம். முக்கால் மணி நேரம். சார் 2009-இல் காலமாகிவிட்டார். அவர் குரலும் முகமும் அசைவும் இருக்கிற ஒரே பதிவு அதுதான்.

சாரைத் தெரியாத இன்றைய பிள்ளைகளுக்காக ஒன்று சொல்கிறேன். அவர் கொடுக்கிற கணக்குகளில் எண்கள் சும்மா வராது. மெனக்கெட்டுப் பொறுக்கிப் போடுவார். விடை வந்ததும் அது ஏதோ ஒன்றைச் சொல்லும். எங்கள் பேட்ச்சுக்குக் கடைசி நாள் கொடுத்த கணக்கில் விடை 1982 என்று வந்தது. வகுப்பே கைதட்டியது.

அந்தக் கடைசி வகுப்பின் முடிவிலும் போர்டில் ஒரு கணக்கு எழுதினார். கிணற்றிலிருந்து ஓட்டை வாளியில் தண்ணீர் இழுக்கிற கணக்கு. "எண்ணெல்லாம் போர்டுல இருக்கு, வாயால சொல்ல மாட்டேன். போட்டுப் பாருங்க. விடை வந்தா எனக்கு ஒரு கார்டு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, சாக்பீஸை வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

போன வருஷம் அந்த வி.சி.டி.யைப் புது டி.வி.யில் போட்டோம். சார் முகம் கண்ணாடி வைத்த ஒரு திட்டு மாதிரித் தெரிந்தது. போர்டில் வெள்ளைப் பூச்சிகள் ஊர்கிற மாதிரி ஏதோ இருந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி கேட்டாள்: "சார், போர்டுல என்ன எழுதியிருக்கு?" ஒருவராலும் படிக்க முடியவில்லை. "இவ்வளவு காசு போட்டு வாங்கின டி.வி. சரியில்லையே" என்றுகூட ஒருவர் சொன்னார்.

டி.வி. மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னுடையது. அது எப்படி என்று புரியவைத்தால், எந்த டி.வி. வாங்கலாம், எந்தப் பிளேயர் வாங்கலாம் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

கோலம் தெரிந்தால் போதும்

நம் வீட்டுப் பெண்கள் மார்கழியில் கோலம் போடும்போது என்ன கேட்பார்கள்? "எத்தனை புள்ளி, எத்தனை வரிசை?" என்றுதான். "15 புள்ளி 15 வரிசை" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்களுக்குக் கோலத்தின் அளவு பிடிபட்டுவிடும். டி.வி.யில் ரெசல்யூஷன் என்பதும் இதுவே. முதல் எண் குறுக்கே எத்தனை புள்ளி, இரண்டாவது எண் மேலிருந்து கீழே எத்தனை வரிசை.

வி.சி.டி. 352 புள்ளி 288 வரிசை. மொத்தம் சுமார் ஒரு லட்சம் புள்ளி.
டி.வி.டி. நம் ஊர் பால் முறையில் 720 புள்ளி 576 வரிசை. சுமார் நாலு லட்சத்துப் பதினைந்தாயிரம்.
எச்.டி.யில் சின்னது 1280 புள்ளி 720 வரிசை. ஒன்பது லட்சத்துச் சொச்சம்.
ஃபுல் எச்.டி. 1920 புள்ளி 1080 வரிசை. இருபது லட்சத்துச் சொச்சம். டி.வி.டி.யைப் போல் சரியாக ஐந்து மடங்கு.
4கே என்பது 3840 புள்ளி 2160 வரிசை. சுமார் 83 லட்சம், ஃபுல் எச்.டி.க்கு நாலு மடங்கு.
8கே அதற்கும் நாலு மடங்கு. மூன்று கோடியைத் தாண்டும்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. ஜப்பானின் என்.எச்.கே. ஒளிபரப்பு நிறுவனம் 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு இதற்கான ஆராய்ச்சியைத் தொடங்கி, 1125 வரிகள் கொண்ட முறை ஒன்றை உருவாக்கியது. அமெரிக்கா 1996-இல் டிஜிட்டல் முறையைத் தரமாக ஏற்றது. நம் தூர்தர்ஷன் 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டை எச்.டி.யில் காட்டியது.

அடுத்து, 1080 என்ற எண்ணுக்குப் பின்னால் 'ஐ' என்றும் 'பி' என்றும் போடுகிறார்களே, அது என்ன? அந்தக் காலத்தில் முழுப் படத்தையும் நொடிக்கு ஐம்பது தடவை அனுப்ப அலைவரிசையில் இடம் போதாது. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். முதலில் ஒற்றைப்படை வரிசைகளை மட்டும் அனுப்புவது, அடுத்து இரட்டைப்படை வரிசைகளை அனுப்புவது. கண் இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். இது இன்டர்லேஸ், அதுதான் 'ஐ'. எல்லா வரிசையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு முடிப்பது புரோகிரசிவ், அதுதான் 'பி'.

இதில் எது உசத்தி என்று அமெரிக்காவிலேயே ஒரே கருத்து இல்லை. விளையாட்டில் பந்து வேகமாக ஓடும்போது 'ஐ' முறையில் ஓரங்கள் சீப்புப் பல் மாதிரி கிழியும் என்று ஏ.பி.சி.யும் ஃபாக்ஸும் 720 பி-யை எடுத்துக்கொண்டன. வரிசை அதிகம் வேண்டும் என்று சி.பி.எஸ்.ஸும் என்.பி.சி.யும் 1080 ஐ-யை எடுத்துக்கொண்டன. நம் ஊர் எச்.டி. சேனல்களுக்கும் 1080 ஐ-தான் வழக்கம்.

இந்த ஒற்றைப்படை, இரட்டைப்படை விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாருடைய கணக்கு அங்கேதான் தொலைந்தது.

நான் செய்த தப்பு

வி.எச்.எஸ். கேசட்டில் குறுக்கே விவரம் குறைவு. சுமார் 320 புள்ளி அளவுக்குத்தான் வரும். ஆனால் மேலிருந்து கீழே பால் முறையின் 576 வரிசையும் இருக்கும், ஒற்றைப்படை 288, இரட்டைப்படை 288 என்று.

2001-இல் எல்லோரும் கேசட்டை வி.சி.டி.யாக்கிக்கொண்டிருந்தார்கள். "அதே வி.எச்.எஸ். தரம் சார், தேயாது, பூஞ்சை பிடிக்காது" என்பது அன்றைய விளம்பரம். நானே தொழில்காரன், நானே மாற்றித் தருகிறேன் என்று சங்கத்தில் சொல்லி ஒரிஜினல் கேசட்டை வாங்கிப் போனேன். வி.சி.டி.க்கு 288 வரிசைதான் இடம். ஆகவே இரண்டில் ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறு பாதியை அது எறிந்துவிடும். மிச்சத்தையும் நொடிக்கு சுமார் 1.15 மெகாபிட்டுக்குள் நெருக்கி அடைக்கும். என் வீட்டு 21 அங்குலக் குழாய் டி.வி.யில் போட்டுப் பார்த்தேன். சார் நன்றாகத்தான் தெரிந்தார். போர்டைக் கவனித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து வீட்டில் வெள்ளை அடித்தோம். பரணை ஒழிக்கும்போது வீட்டில் கேட்டாள்: "இந்தக் கேசட்டெல்லாம் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடலாமா?" நான் சொன்னேன், "போட்டுடு. அதான் சி.டி.யில இருக்கே."

போன வருஷம் அந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரில் படத்தை நிறுத்தி எண்ணிப் பார்த்தேன். போர்டில் ஒவ்வொரு எண்ணும் நாலு வரிசை உயரம் இருந்தது. கேசட்டில் எட்டு வரிசை இருந்திருக்கும். பழைய டிஜிட்டல் டிஸ்ப்ளே படித்த மாணவர்களுக்குத் தெரியும், 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் காட்டக் குறைந்தது ஐந்து வரிசைப் புள்ளி வேண்டும். எட்டு இருந்தது. நான் நாலாக்கினேன்.

சங்கிலியில் சின்ன கண்ணி

இதிலிருந்து என்ன தெரிகிறது? படம் நம் கண்ணுக்கு வரும் வழியில் மூன்று இடம் இருக்கிறது. படம் எதில் எடுக்கப்பட்டது, எதில் அடைத்து எந்த வயரில் வந்தது, எதில் காட்டப்படுகிறது. மூன்றில் எது சின்னதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். கடைக்காரர் டப்பாவின் மேல் காட்டுகிற எண் மூன்றாவது இடத்தின் எண் மட்டும்.

நம் 75 அங்குல டி.வி.யில் அந்த வி.சி.டி.யின் ஒரு புள்ளியை அறுபதுக்கு மேற்பட்ட புள்ளிகள் சேர்ந்து காட்டின. அறுபது பேர் சேர்ந்து ஒரே வார்த்தையைச் சொன்னால் சத்தம்தான் கூடும், விஷயம் கூடாது. 'அப்ஸ்கேலிங்' என்று பிளேயர் டப்பாவில் போட்டிருப்பதும் இதுவே. டி.வி.டி.யை 1080 ஆக்கித் தரும் என்பார்கள். ஓரங்களை வழவழப்பாக்கும், பார்க்க இதமாக இருக்கும். டிஸ்க்கில் இல்லாத விவரத்தை அதனால் கொண்டுவர முடியாது.

'எச்.டி. ரெடி' என்ற சொல்லும் அப்படித்தான். 32 அங்குலத்தில் இந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் 1366 புள்ளி 768 வரிசை. அது எச்.டி.யை வாங்கிக்கொள்ளும், ஆனால் 1080 வரிசையையும் காட்ட அதில் புள்ளி இல்லை. சின்ன அறைக்குத் தாராளமாகப் போதும். தெரிந்து வாங்கினால் சரி.

வயரிலும் கவனம் வேண்டும். என் நண்பன் ஒருவன், பெயர் சொல்ல மாட்டேன், இங்கேதான் உட்கார்ந்து சிரிக்கிறான், ப்ளூ-ரே பிளேயரும் ஃபுல் எச்.டி. டி.வி.யும் வாங்கி இரண்டு வருஷம் மஞ்சள் வயரில் மாட்டிப் பார்த்தான். "என்னடா, டி.வி.டி. மாதிரியேதான் இருக்கு" என்றான். மஞ்சள் வயர் பழைய காலப் படத்தை மட்டும்தான் தாங்கும். எச்.டி.எம்.ஐ. வயர் மாட்டின அன்றுதான் மாப்பிள்ளை எச்.டி. பார்த்தான்.

எல்லாவற்றுக்கும் முந்தின கேள்வி, படம் எதில் எடுக்கப்பட்டது என்பது. இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. 1964-இல் வந்த 'கர்ணன்' படத்தை 2012-இல் டிஜிட்டலில் புதுப்பித்துத் தியேட்டரில் வெளியிட்டார்கள், மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். ஆனால் 1990-களில் வீடியோ கேசட்டில் எடுத்த ஒரு டி.வி. தொடரை அப்படிச் செய்ய முடியாது. சினிமா ஃபிலிமில் டி.வி.டி.யைவிடப் பலமடங்கு விவரம் உறங்குகிறது, திரும்ப ஸ்கேன் செய்தால் வெளியே வரும். வீடியோவில் 576 வரிசைக்கு மேல் எப்போதும் இருந்ததில்லை. பழசா புதுசா என்பது கணக்கே இல்லை.

டிஸ்க்கும் பிளேயரும்

டிஸ்க்குகளுக்கு வருவோம். எல்லாம் ஒரே 12 சென்டிமீட்டர் வட்டம். வித்தியாசம் லேசர் ஒளியில். சி.டி.யைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டி.வி.டி. 650 சிவப்பு, ப்ளூ-ரே 405 நீல ஊதா. அலைநீளம் குறையக் குறைய லேசர் முனை மெல்லிசாகும். பட்டை நிப்புக்குப் பதில் ஊசி நிப்பு வாங்கின மாதிரி, அதே பக்கத்தில் அதிகம் எழுதலாம். சி.டி.யில் சுமார் 700 மெகாபைட், டி.வி.டி.யில் 4.7 அல்லது 8.5 கிகாபைட், ப்ளூ-ரேயில் 25 அல்லது 50, 4கே ப்ளூ-ரேயில் 100 வரை.

2006-இல் ப்ளூ-ரேக்குப் போட்டியாக டோஷிபாவின் எச்.டி. டி.வி.டி. வந்தது. அதுவும் நீல லேசர்தான், 15 அல்லது 30 கிகாபைட். இரண்டு வருஷம் சண்டை. 2008 ஜனவரியில் வார்னர் ப்ளூ-ரே பக்கம் போக, பிப்ரவரி 19 அன்று டோஷிபா கடையைக் கட்டியது. அதை நம்பி வாங்கினவர்கள் கையில் பிளேயர் மட்டும் மிஞ்சியது. 4கே டிஸ்க் வந்தது 2016-இல்.

இன்று வாங்குவதானால் என் கணக்கு இது. வீட்டில் டி.வி.டி.க்கள் மட்டும்தான் இருக்கின்றன என்றால் டி.வி.டி. பிளேயரே போதும். ஆனால் ப்ளூ-ரே பிளேயர் டி.வி.டி.யையும் படிக்கும். 4கே பிளேயர் மூன்றையும் படிக்கும். ஆகவே பழுதாகி மாற்றும்போது ஒரு படி மேலே வாங்குவது புத்திசாலித்தனம். வி.சி.டி.யை எல்லாப் பிளேயரும் படிக்காது, டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கிற பேரப்பிள்ளை வீட்டில் இருந்தால் அதுவே 4கே பிளேயர்தான், தனியாக வாங்க வேண்டியதில்லை.

வெளிநாட்டிலிருந்து டிஸ்க் கொண்டுவருகிற நண்பர்கள் ரீஜன் எண்ணைப் பாருங்கள். டி.வி.டி.யில் அமெரிக்கா 1, நாம் 5. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, நாம் சி. 4கே டிஸ்க்குக்கு மட்டும் இந்தத் தொல்லை கிடையாது.

"இதெல்லாம் எதுக்கு சார், எல்லாம்தான் நெட்டில் வருதே?" என்று மாணவர்கள் கேட்பீர்கள். நியாயம். ஆனால் 4கே-க்கு 15 மெகாபிட் இணைய வேகம் போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். சாதா ப்ளூ-ரேயிலேயே படத்துக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. நெட்டில் வருவது புதிய சுருக்க முறையில் வருவதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்றாலும், மழைக் காட்சியிலும் இருட்டுக் காட்சியிலும் வித்தியாசம் தெரியும். இன்னொன்று, நெட்டில் இருக்கிற படம் நாளைக்கும் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. பரணில் இருக்கிற டிஸ்க் இருக்கும், என்னை மாதிரி ஆள் பேப்பர்காரரிடம் போடாத வரைக்கும்.

பிளேயர் தயாரிப்பும் சுருங்கி வருகிறது. ஓப்போ 2018-இல் நிறுத்தியது. சாம்சங் 2019-இல் அமெரிக்கச் சந்தைக்குப் புது மாடல் இல்லை என்றது. எல்.ஜி. 2024-இல் விலகியது. டிஸ்க் சேகரிப்பு உள்ளவர்கள் பிளேயரைத் தள்ளிப்போடாமல் வாங்கிவிடுவது நல்லது.

இனி டி.வி.யின் அளவு. நல்ல கண்ணுக்கு ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்க முடியும். அதன்படி ஃபுல் எச்.டி.யின் புள்ளிகள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாமல் போவது படத்தின் உயரத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு தூரத்தில். 43 அங்குல டி.வி.யில் படத்தின் உயரம் 21 அங்குலம், ஐந்தரை அடி. அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் 4கே-யின் கூடுதல் புள்ளிகள் கண்ணில் படாது. சோபா எட்டடியில் இருந்தால் சுமார் 60 அங்குலம் வரை இதே கதைதான். 4கே டி.வி.களில் நிறமும் வெளிச்சமும் மேம்பட்டிருக்கலாம், அது வேறு லாபம். 8கே-க்குக் காசு செலவழிக்கத் தோன்றினால், முதலில் இன்ச் டேப்பை எடுத்து சோபாவை அளந்து பாருங்கள்.

உங்கள் பரணில் என்ன இருக்கிறது?

பந்திக் கேள்விக்குப் பதில் முடிந்தது. இனி என் வேண்டுகோள்.

போன வருஷம் ஒரு மாணவர் என்மேல் பரிதாபப்பட்டு, அந்தப் படத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டுப் பார்த்தார். பளிச்சென்று வந்தது. வாளி எடை 3 என்று அச்சடித்த மாதிரி தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரே இன்னொரு மென்பொருளில் போட்டார். அதிலும் பளிச்சென்று வந்தது, 8 என்று. இரண்டும் ஊகம். தம்பி, உங்கள் காலத்தில் இந்தப் பளிச் நிறைய வரும். தெளிவாக இருப்பதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்பதை நினைவில் வையுங்கள். சார் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்: "அளக்காத எண்ணை எழுதாதே."

அந்தக் கேசட்டிலிருந்து 1991-இலேயே நாலு காப்பி போட்டுக் கொடுத்தோம். யார் யாருக்கு என்ற பட்டியல் இப்போது யாரிடமும் இல்லை. காப்பியில் நிறம் மங்கியிருக்கும், இரைச்சல் கூடியிருக்கும். ஆனால் வரிசை 576-தான், காப்பி போட்டதால் அது பாதியாகாது. அந்த எட்டு வரிசை எங்கோ ஒரு பரணில், ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். அன்று ஹாலில் இருந்தவர்கள் யாராவது நோட்டில் எழுதி வைத்திருக்கலாம். தயவுசெய்து தேடுங்கள். நானும் அன்று ஹாலில் இருந்தேன். வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதாமல் வந்தவன் நான்.

கேசட் கிடைத்தால் உடனே பிளேயரில் செருகிவிடாதீர்கள். ஜன்னல் வழியாகப் பாருங்கள், நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. ஓட்டினால் நாடாவும் போகும், பிளேயரின் ஹெட்டும் போகும். என்னிடம் கொண்டு வாருங்கள், சுத்தம் செய்து தருகிறேன். உலகில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016-இல் நிறுத்திவிட்டது. ஓடுகிற வி.சி.ஆர். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஹெட் தேய்ந்தால் மாற்று கிடைப்பது கஷ்டம். நாளுக்கு நாள் வழி குறுகிக்கொண்டே வருகிறது.

சாருடைய வகுப்பு மட்டுமல்ல. உங்கள் கல்யாணம், அப்பாவின் அறுபதாம் கல்யாணம், நம் கல்லூரி விழாக்கள், எதுவானாலும் மாற்றும்போது மூன்று விஷயம். ஒன்று, 720 புள்ளி 576 வரிசையில், 'ஐ' முறையில், இருக்கிறபடியே எடுக்கச் சொல்லுங்கள். "4கே ஆக்கித் தர்றோம்" என்றால் அதைத் தனிக் காப்பியாக வாங்குங்கள், மூலமாக வேண்டாம். இரண்டு, வீட்டில் எழுதிய சி.டி., டி.வி.டி.களை நம்பி இருக்காதீர்கள். அவற்றில் இருப்பது சாயம், வருஷம் போகப் போக மங்கும். இன்றைக்கே ஹார்டு டிஸ்க் இரண்டில் ஏற்றி, இரண்டு வீட்டில் வையுங்கள். மூன்று, மாற்றி முடித்த பிறகும் ஒரிஜினலைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல முறை வரும். அன்று திரும்பிப் போக ஒரிஜினல் வேண்டும். 2001-இல் எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

சங்கத்திடம் ஒரு விண்ணப்பமும் வைக்கிறேன். நம் நூலகத்தில் ஒரு அலமாரி ஒதுக்குங்கள். முன்னாள் மாணவர்கள் கொண்டுவருகிற கேசட்டுகளை மாற்றித் தருகிற வேலையைக் கை நடுங்காத வரை நான் காசு வாங்காமல் செய்கிறேன். இயற்பியல் துறை மாணவர்கள் நாலு பேர் கூட வந்தால் தொழிலும் கற்றுக்கொடுக்கிறேன்.

கணக்கு என்றைக்காவது கிடைத்தால் அதே கேலரி ஹாலில் போர்டில் எழுதிப் போட்டுப் பார்ப்போம். விடை வந்ததும் கார்டு எழுத சார் இல்லை. சங்க முகவரிக்கு எழுதுங்கள், நான் படித்துக்கொள்கிறேன்.